மோரிஸ் காருக்குப் பெரிய எஞ்சின்

விளாங்குடி,
மார்கழி, 1981.

அன்பு மகன் சுருளிக்கு, பிலாய்க் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் இருக்க மீனாட்சியை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெஞ்சாதி ஜெயக்கொடியும் பேத்தியும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும் பனிக்குக் கூடியிருக்கிறது, தைலம் போடுகிறேன், அதை நினைத்துக்கொண்டிருக்காதே. பேரையூர்க் காட்டில் பருத்தி நன்றாய்க் காய் பிடித்திருக்கிறது. உன் மாமன் விருமாண்டிக்கு நீ போட்ட கடிதத்தை அவன் கொண்டுவந்து வாசித்துக் காட்டினான். அப்பாவின் மோரிஸ் கார் இனி உதவாது, பொங்கலுக்கு நான் வருவதற்குள் பழைய இரும்புக்காவது தள்ளிவிடுங்கள் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். காரை விற்கவில்லை. முழுசாய்ப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ போன தடவை பார்த்தபோது அது ஏற்றம் வந்தால் எல்லோரையும் இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். பேரையூர்க் காட்டைப் பார்க்கிறவள் ஜெயக்கொடி. பஸ்ஸை நம்பினால் போக ஒரு நாள், வர ஒரு நாள். அதனால் புளியமரத்தில் மோதி நொறுங்கின ஒரு அம்பாசிடரின் எஞ்சினை நம் ரோட்டு மெக்கானிக் முத்திருளன் ஷெட்டில் பார்த்துப் பேசி, அதை மோரிசில் வைக்கச் சொல்லிவிட்டாள். உனக்குச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, வந்து கண்ணால் பார்க்கட்டும் அத்தை என்றாள். சின்னப் பெட்டிக்குள் பெரிய பானையை இறக்குகிற வேலையப்பா அது. ரேடியேட்டரை முன்னால் தள்ளி, எஞ்சின் உட்கார இரும்பு வைத்துப் பற்றவைத்து, அப்படியும் பானெட் மூடவில்லை, அதை ஒரு திமில் மாதிரி தூக்கிவிட்டிருக்கிறான் முத்திருளன். சாயங்காலமானால் இவளும் அங்கே போய் நின்று, இது ஏன் இங்கே உரசுகிறது, அது ஏன் ஆடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். லாரி ஓட்டின ஆண்டிச்சாமி சம்பந்தி மகள் இல்லையா, சத்தத்தை வைத்தே சொல்லுகிறாள்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பூஜைக்குச் சொல்லியிருந்தோம். முந்தின நாள் ஷெட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தாள். வண்டி குதிரை மாதிரி பாய்ந்ததாம், சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போதுதான் நின்றதாம். இறங்கி வந்தவள், பிரேக் அந்தச் சின்ன எஞ்சினுக்குப் போட்டதுதானே, அதையும் பெருசா மாத்து என்று சொல்லியிருக்கிறாள். முத்திருளன் தலையைச் சொறிந்துகொண்டு, பூசையை முடிச்சிருவோம்க்கா, அதுவரைக்கும் மெதுவாப் போங்க என்றானாம். மெதுவாப் போறதுக்கு எதுக்குடா இம்புட்டுப் பெரிய எஞ்சினு என்று இவள் கேட்டிருக்கிறாள்.

மறுநாளைக்குள் பிரேக் மாற்ற முடியவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்தாயிற்று, நேரத்தையும் விட முடியாது. இவள் என்ன செய்தாள் தெரியுமா, காருக்கு மாலையைப் போட்டு, எஞ்சினைத் தொடாமல், ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, எல்லோரையும் தள்ளச் சொன்னாள். பிள்ளையார் கோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனோம், நானும் ஒரு கை கொடுத்தேன். உன் கடிதத்தோடு உன் மாமன் வந்து இறங்கினது அந்த நேரம்தான். ஏக்கா, எஞ்சினு மாத்துனீகளா, இல்ல எஞ்சினை எறக்கி வச்சுட்டு வாரீகளா என்று தெருவே சிரிக்கும்படி கேட்டான். கடிதத்தையும் அங்கேயே வாசித்தான். இவள் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கிவிட்டு வண்டியைத் திரும்பவும் தள்ளி ஷெட்டிலேயே விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தம்பி, ஒரு தடவை ஏறிப் பாரு, அப்புறமும் வேண்டாம்னா நீயே ஓட்டிக்கிட்டுப் போய் வித்துரு என்று உன் மாமனிடம் சொல்லி நிறுத்தி வைத்தேன்.

பெரிய பிரேக் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரையும் மாற்றிக்கொண்டு வந்தபிறகுதான் ரோட்டில் எடுத்தாள். உன் மாமன் முன்னால், நானும் பேத்தியும் பின்னால். அப்பா, என்ன போக்கு! திருமங்கலம் தாண்டினது தெரியவில்லை. லாரிக்காரனே ஒதுங்கி வழி விட்டான். உன் மாமன் மீசையை முறுக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மிதி தாயி என்கிறான். கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வேலியைத் தாண்டி ஆட்டுக் கிடை அப்படியே ரோட்டில் கொட்டியது. ஆடு மேய்க்கிற கிழவி நடுவில் நிற்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல், கோடு போட்ட மாதிரி நின்றது. கண்ணைத் திறந்தால் ஒரு குட்டி பானெட்டை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. கிழவி இவளைக் கண்டபடி வைகிறாள், இவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறாள். உன் மாமன் இறங்கிப் போய், முன்சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வித்துராதேன்னு மாப்ளைக்கு எழுதுக்கா என்று அவன் சொல்லித்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவன் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன்.

சுருளி, எஞ்சின் வைக்க எத்தனையோ பேர் வைப்பார்கள். ஊரே நின்று சிரிக்கிறபோது காரைத் தள்ளிக்கொண்டு போக ஒரு நெஞ்சு வேண்டும். அவளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் நீ, அதற்கு உனக்குப் புண்ணியம். அவளுக்குத் தனியாய் ஒரு கடிதம் போடு, காரைப் பற்றி நல்லதாய் நாலு வரி எழுது. நீ என்ன சொல்வாயோ என்று இன்னமும் பயந்துகொண்டிருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் ராத்திரி வேலைக்குப் போகாதே. நம் குலசாமி உன்னை நோயில்லாமல் நிறைந்த ஆயுசோடு வைக்கட்டும். பொங்கலுக்கு நீ வருகிற அன்று மதுரை ஸ்டேஷன் வாசலில் அவளே காரோடு நிற்பாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வந்ததும் சாவியைக் கேட்காதே. பேசாமல் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து வீடு வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அம்மா
சோலையம்மாள்