எனக்கு வராத மாரடைப்பு

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள், ஆனாலும் நலம். உன் உடம்பும், விடுதி அறையில் ஒழுகும் அந்தக் குழாயும் இப்போது எப்படி இருக்கின்றன என்று எழுது. அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, எனக்கு முழங்கால் வலி விடவில்லை, ஸ்டுடியோவில் மழைநீர் இறங்கிய சுவருக்கு ஒருவழியாக வெள்ளை அடித்தாகிவிட்டது. பெரியப்பா வழக்கம்போல வாரம் ஒருமுறை வந்து, நாட்டை, வீட்டை, உன்னை, இந்த வரிசையில் திருத்திவிட்டு, காப்பி சரியில்லை என்று சொல்லிவிட்டு இரண்டாவது டம்ளரும் குடித்துவிட்டுப் போகிறார்.

முதலில் புகைப்பட விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறையில் நீ வந்தபோது எடுத்த படத்தைத்தான் உன் பயிற்சி விண்ணப்பத்துக்கு அனுப்பினேன். அடையாள அட்டையில் இருக்கிற ஆள் வேறு, இந்தப் படத்தில் இருக்கிற ஆள் வேறு என்று அவர்கள் திருப்பிவிட்டதாகப் போனில் குதித்தாய். என்ன செய்ய, கை சும்மா இருக்கவில்லை. ஒரு மருவை அழிக்காமல், கண்ணுக்கடியில் கொஞ்சம் துடைக்காமல் ஒரு படத்தைக் கடையை விட்டு வெளியே அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது. உன் புருவத்துத் தழும்பை எடுத்தேன், தாடையைக் கொஞ்சம் செதுக்கினேன், அதோடு நிறுத்தியிருக்கலாம், இரண்டு காதையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பெத்த பொண்ணையே அடையாளம் தெரியாம பண்ணிட்டீங்களேப்பா, நீங்கெல்லாம் ஒரு போட்டோக்காரரா என்று நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மறுநாளே உன் கட்டுரை வந்து சேர்ந்தது. குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு ஏன் வருகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம், சும்மா ஒரு தடவை படிச்சுப் பாருங்கப்பா என்று அனுப்பியிருந்தாய். படித்தேன். முதல் வரியில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறேன். இரண்டாவது வரியில் என் கண் செருகுகிறது. மூன்றாவது வரிக்குப் போவதற்குள் நானே என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நான் போய்ச்சேரப் பார்த்ததில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, தன்னைப் போய் ‘கண்ணீர் மல்கச் செய்வதறியாது நின்ற தாய்’ என்று எழுதியதுதான் பொறுக்கவில்லை. நான் எப்பங்க செய்யறது தெரியாம நின்னேன், இந்த வீட்ல செய்யறது தெரிஞ்ச ஒரே ஆளு நான்தானே என்று அன்றிலிருந்து அடுப்படியில் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது என்னவென்று உனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த வறுத்த கடலையை ஒரு பொட்டலம் முழுக்க ஒரே மூச்சில் தின்றுவிட்டு, நெஞ்சு எரிகிறது என்று படுத்தேன். உன் அம்மா வெந்நீரைக் கையில் கொடுத்து, இன்னொரு பொட்டலம் வாங்கிட்டு வரட்டுமா என்று கேட்டாள். பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது, எழுந்து கடையைத் திறக்கப் போய்விட்டேன். அந்த ஏப்பத்தை நீ மாரடைப்பாக்கி, ஆம்புலன்சில் ஏற்றி, அன்றே டாக்டராவது என்று சபதமும் செய்திருக்கிறாய். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள், இங்கே தாயைக் குறை சொல்ல வழியில்லை, இது அப்பன் வழி வந்த பாய்ச்சல். நான் ஒரு தழும்பைத்தான் அழித்தேன், நீ இல்லாத வியாதியையே வரைந்துவிட்டாய். திருத்துவதில் என்னை மிஞ்சிவிட்டாய் என்று ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போன விடுமுறையில் பெரியப்பா உன்னை உட்காரவைத்து, இவ்வளவு வருஷம் படிச்சுட்டு சளிக்கும் இருமலுக்கும் மாத்திரை எழுதப் போறியாம்மா, இதயம் மூளைன்னு பெரிய சாமானா ஒண்ணு எடுத்துக்கயேன் என்றார். நீ சிரித்துக்கொண்டே எழுந்து போனாய், ஆனால் சாப்பிடும்போது உன் முகம் சரியில்லை. இப்போது புரிகிறது. குடும்ப மருத்துவம் வேண்டும் என்ற ஆசையும் விடவில்லை, அதற்கு உன்னிடம் இருக்கும் காரணம் சின்னதாகத் தெரிகிறதே என்ற கூச்சமும் விடவில்லை. அதனால் பெரிய காரணமாக ஒன்று வேண்டியிருந்தது, வீட்டில் இருந்த இதயங்களில் என்னுடையது கைக்கு எட்டியது, எடுத்துக்கொண்டாய். வேறு எதற்காவது கேட்டிருந்தால் தாராளமாகக் கொடுத்திருப்பேன்.

விளையாட்டு போகட்டும். நேர்முகத்தில் உன் எதிரே உட்காரப்போகிறவர்கள் ஜோசியக்காரர்கள் இல்லை, டாக்டர்கள். அப்பாவுக்கு எந்தப் பக்கம் வலித்தது, வேர்த்ததா, இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அக்கறையாகவே கேட்பார்கள். கடலை என்றா சொல்வாய். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பது வாய்க்கு மட்டும் சொன்னதில்லை. ஒரு இடத்தில் பிடிபட்டால் இந்த வருடத்து இடம் மட்டும் போகாது, இத்தனை வருடம் கண்விழித்துச் சேர்த்த பெயரும் கூடவே போகும். ஒருவேளை பிடிபடாமல் இடமே கிடைத்தாலும், நீ உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடிக்கவேண்டும், இந்த முழங்காலோடு அது என்னால் முடியாது.

உன் உண்மைக் காரணம் என்னவென்று உனக்கே மறந்துவிட்டது போலிருக்கிறது, எனக்கு மறக்கவில்லை. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஸ்டுடியோவில் இருந்த சுழல் நாற்காலியில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லச் சுற்றி, விளக்குக் கம்பத்தில் போய் முட்டிப் புருவத்தைக் கிழித்துக்கொண்டாய். உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு லேடி டாக்டரிடம் ஓடினாள், நான் கடையைச் சாத்தாமலே பின்னால் ஓடினேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் உட்கார்ந்திருப்பார், காத்திருக்கிற ஜனமெல்லாம் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அதனால் தெருவே அவரை மாடிப்படி டாக்டர் என்றுதான் சொல்லும். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உன் தலையை அம்மா பிடித்துக்கொள்ள, அவர் தையல் போட்டு முடித்தார். நீ அழுகையை நிறுத்திவிட்டு மிட்டாய் கேட்க ஆரம்பித்துவிட்டாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை, உன் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கே பயம் போயிடுச்சு, உங்க கை ஏம்மா இன்னும் ஆடுது என்று கேட்டார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், எவ்வளவு நாளாக இளைத்துக்கொண்டு வருகிறாள், படபடப்பு உண்டா, தூக்கம் வருகிறதா, எரிச்சல் அதிகமா என்று கேட்டார். எரிச்சலா, அதெல்லாம் என்னைக் கட்டிக்கிட்டதால வர்றதுங்க டாக்டர் என்று நான் சொன்னேன். உங்களால வர்ற வியாதிக்கு என்கிட்ட மருந்தில்ல, இதுக்கு இருக்கு என்று சொல்லி ரத்தம் எடுக்க எழுதிக்கொடுத்தார். தைராய்டு தாறுமாறாக வேலை செய்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயத்தையே பிடித்திருக்கும் என்று பிறகு சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவளை அவர் அன்று திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் விஷயம். தினமும் காலையில் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அம்மா கையில் கொடுத்து, அடுப்படியிலிருந்து வாசல்வரை நடக்கச் சொல்வாய். பின்னாலேயே குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு போவாய். மாத்திரை சாப்பிட ஆரம்பித்தும் பல வாரம் கை ஆடித் தண்ணீர் சிந்திக்கொண்டுதான் இருந்தது. உன் அம்மா திட்டுவாள், திட்டிக்கொண்டே நடப்பாள். ஒருநாள் நீ செருப்புகூடப் போடாமல் ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தாய். ஒரு குடும்பம் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நடுவில் புகுந்து, அப்பா தரை காஞ்சு கிடக்கு என்று கத்தினாய். அந்தப் படத்தில் எல்லோரும் உன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள், திருத்தவே முடியவில்லை, மறுபடி எடுத்துக் கொடுத்தேன். நீ டாக்டரானது அன்றைக்குத்தான், மிச்சமெல்லாம் பரீட்சை. பெரியப்பாவுக்கு இது சின்னக் காரணமாகத் தெரியட்டும், அவருக்கு நம் வீட்டுக் காப்பியும்தான் பிடிக்கவில்லை.

இன்னொன்று, சிபாரிசுக் கடிதம் அந்தப் பெரிய துறைத்தலைவரிடம் வாங்கப்போகிறேன் என்றாய். மூன்று மாதம் அவருக்குக் கீழே வேலை பார்த்தும் அவர் உன்னை ஏம்மா, அந்தப் பொண்ணு என்றுதான் கூப்பிட்டாராம், நீதான் சொன்னாய். அப்படிப்பட்டவர் என்ன எழுதுவார், இந்தப் பொண்ணு நல்ல பொண்ணு என்று எழுதுவார். நீ வேலை பார்த்த கிளினிக்கில் உன்னைத் தினம் வறுத்தெடுத்த அந்தச் சிடுமூஞ்சி டாக்டரிடம் போய்க் கேள். திட்டுகிறவர்தான் கவனித்துப் பார்த்திருப்பார். நேர்முகத்துக்குப் போகிற இடத்தில் அங்கே ஏற்கெனவே பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளைத் தனியாகப் பிடித்து, சாப்பிட நேரம் கிடைக்குதா, தப்பு பண்ணினா சொல்லித் தர்றாங்களா, கடிச்சுத் துப்புறாங்களா என்று விசாரி. அவர்கள் பதில் சொல்வதற்கு முன் கதவைத் திரும்பிப் பார்த்தால் அந்த ஊரே வேண்டாம். சிறுவயது முதலே மக்கள் சேவையில் ஆர்வம் என்று மட்டும் எங்கேயும் சொல்லித் தொலைக்காதே, சிறுவயதில் உனக்கு எதில் ஆர்வம் என்று என் நாற்காலிக்குத் தெரியும். புதுச் செருப்பை அன்றைக்கென்று போடாதே.

இதோடு உன் படத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன். எடுத்தபடியே இருக்கிறது. கை நமைத்தது, உன் அம்மா பக்கத்திலேயே நின்றதால் தொடவில்லை. காது ஒன்று மேலே, ஒன்று கீழே, கண்ணுக்கடியில் ஒரு வாரத்துத் தூக்கம் பாக்கி, புருவத்தில் மாடிப்படி டாக்டர் போட்ட தையல். பார்த்துக்கொண்டே இருந்தேன், அழகாகத்தான் இருக்கிறாய். கட்டுரையையும் அதேபோல ஆக்கி, கடைசித் தேதிவரை இழுக்காமல் முன்னாலேயே அனுப்பு. எங்கே இடம் கிடைத்தாலும், கிடைக்காமலே போனாலும், நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, உன்னிடம் வருகிறவர்களோடு கூட வருகிறவர்களையும் ஒரு பார்வை பார்.

அம்மாவிடம், நீ ஏதாவது எழுதச் சொல்கிறாயா என்று கேட்டேன். அவள் உள்ளே போய், ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக்கொண்டு, அடுப்படியிலிருந்து என் மேஜைவரை நடந்து வந்து வைத்துவிட்டு, தரையைப் பாத்துட்டு எழுதுங்க என்றாள். பார்த்தேன். காய்ந்து கிடக்கிறது.

இப்படிக்கு,
இன்றுவரை உயிரோடு இருக்கும்
உன் அப்பா