மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே லாகின்

2013 ஜூன் 9
ஆங்கிலச் சொற்களைக் கற்றுத்தர கம்பெனியே இணையத்தில் பாடம் தொடங்கியிருக்கிறது. ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் படிக்கலாமாம். முதல் பாடம்: பனிச்சறுக்கு வண்டி, பாய்மரப் படகு. சுங்குவார்சத்திரத்து வெயிலில் செல்போன் மூடிக்கு ஸ்க்ரூ முடுக்குகிறவளுக்கு ரொம்ப அவசியம்தான். சரியாக அமுக்கினால் புள்ளி ஏறுகிறது, பொம்மைக் கிளி ஒன்று கைதட்டுகிறது. கிளிக்கு ஏது கை என்று கேட்கக் கூடாது.

ஜூன் 12
பயிற்சியாளர் டெனிசன் எங்களை ஆங்கிலத்திலேயே கனவு காணச் சொன்னார். ஓ.டி. பார்த்துவிட்டு வந்து விழுகிறவளுக்குக் கனவு வேறு வருமா? ஒருநாள் லைனில் நின்று பார்க்கட்டும். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். தீபாவளிக்கு முன் புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருப்பவளுக்கு குவாலிட்டியில் நிரந்தர வேலை. நாங்கள் எல்லாருமே ஒப்பந்தம். பிறகு ஒருத்தியும் கொட்டாவி விடவில்லை.

ஜூன் 13
பூமாரியின் யோசனை இது. எங்கள் அறையில் பூமாரி, வேல்விழி, நான் என்று மூன்று பேர், மூன்று ஷிஃப்ட். ஒருத்தி எழுந்துபோன பாயில்தான் அடுத்தவள் படுக்கிறாள். லாகினையும் அப்படியே வைத்துக்கொண்டால்? ஒருத்தி பெயரில் மூவரும் படித்தால் புள்ளி மளமளவென்று ஏறும்.
"ஒருத்தி மேல ஏறிட்டா மத்த ரெண்டு பேரையும் கையப் பிடிச்சுத் தூக்கிறலாம்லா?" என்றாள்.
சீட்டுக் குலுக்கினோம். என் பெயர் வந்தது.

ஆகஸ்ட் 4
பட்டியலில் மாரிசெல்வி, அதாவது நான், முதலிடம். மாரிசெல்விக்குத்தான் ஒன்றும் தெரியாது. வேல்விழி அதைவிட மோசம். பச்சை எரியும்வரை கண்டபடி அமுக்குகிறாள். கிளி அதற்கும் கைதட்டுகிறது. பூமாரி மட்டும் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படிக்கிறாள். "இன்னாமே, சாமி வந்தா மாரி கத்திகினு கீற?" என்று வார்டன் ரோஸியக்கா கேட்டார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

செப்டம்பர் 1
தூங்காமல் படிக்கும் பெண் என்று டெனிசன் எல்லார் முன்னிலும் என்னைப் பாராட்டினார். கெட்டிக்காரர்! மூன்று பேர் முறைபோட்டுத் தூங்குகிறோம்.

அக்டோபர் 30
கிடைத்துவிட்டது. ஒரு கேள்விகூட இல்லை. பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். இவர்கள் தரம் பார்க்கும் லட்சணம் இது.

நவம்பர் 18
ஒப்பந்தக்காரர்களை நிறுத்துகிறார்கள். பூமாரியும் வேல்விழியும் போகிறார்கள்.
டெனிசனிடம் போனேன். உண்மையில் படித்தவள் பூமாரிதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னா எனக்கு வேலை இருக்குமா? லீவு கேக்க வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். ச்சீ.
பஸ் ஏறும்போது பூமாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "லாகின மூடிறாதட்டி. எங்கூரு கயத்தாத்துல பிரவுசிங் சென்டர் இருக்கு, நான் படிச்சிக்கிடுதேன்."

டிசம்பர் 15
நான் பாடத்தைத் தொடுவதே இல்லை. புள்ளி ஏறிக்கொண்டிருக்கிறது.

2014 ஜனவரி 7
டெனிசன் கூப்பிட்டார். நான் வேலையில் இருக்கும் நேரத்தில் வெளியூரிலிருந்து என் லாகினில் யாரோ நுழைகிறார்களாம். யார் என்றார்.
தெரியாது சார், யாரோ திருடியிருப்பார்கள் என்றேன். கொஞ்சமும் தடுமாறாமல்.
அவர் கண்ணெதிரே பாஸ்வேர்டை மாற்றினேன்.

ஜனவரி 8
பூமாரி போன் செய்தாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.
பிறகு மெசேஜ் வந்தது. லாகின் திறக்கவில்லை, யாரோ திருடிவிட்டார்கள் போல, உன் வேலைக்கு ஆபத்து வந்துவிடும், உடனே டெனிசன் சாரிடம் சொல் என்று. முழுக்க ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதில் இரண்டு சொற்களுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. யாரிடம் கேட்பேன்?