வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன்

அனுசுயா, எழுந்ததும் பயப்படாதே. வாசல் கதவை நான்தான் வெளியே பூட்டியிருக்கிறேன். இன்னொரு சாவி உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்கதவு திறந்துதான் இருக்கிறது.

"ஞாயித்துக்கிழமைகூட இந்த ஒத்த ரூம்ல ஒரு பக்கம் படிக்க முடியலப்பா" என்று நேற்றுச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டாய். "வாரம் பூரா நின்னு அயர்ன் பண்றவன் ஒரு நாள் டிவி பார்க்கக் கூடாதா" என்று நானும் கத்திவிட்டேன். அப்புறம் எனக்கும் தூக்கம் வரவில்லை. என் டிவி, என் குறட்டை, போதாததற்கு பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அக்கா தன் பிள்ளையை வேறு உன்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். இன்று ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே போனால் நாளைப் பரீட்சைக்கு நீ எப்படித்தான் படிப்பாய்?

பூட்டைப் பார்த்தால் யாரும் தட்ட மாட்டார்கள். நாம் சேவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக ரோஸ்மேரி அக்காவிடம் சொல்லிவிட்டேன். அதனால் சத்தம் போட்டுப் படிக்காதே தாயி. குக்கரும் வைக்காதே, விசில் காட்டிக் கொடுத்துவிடும். சோறும் மீன் குழம்பும் அம்மா வேலைக்குப் போகுமுன் செய்து வைத்துவிட்டாள். நேற்றைய கோபத்தில் இன்றும் பட்டினி கிடக்காதே.

நான் கம்பெனி குடோனில் படுத்துக்கொள்கிறேன். பனியன் வேஸ்ட் மூட்டை நம் பாயைவிட மெத்தென்று இருக்கும். எவ்வளவு குறட்டை விட்டாலும் அங்கே கேட்க ஆள் இல்லை.

சாயங்காலம் எதிர் டீக்கடைக்கு வருவேன். படித்து முடித்ததும் ஜன்னல் கம்பியில் சிவப்புத் துண்டைப் போடு. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன்.

அப்பா

டிவி ரிமோட்டைத் தேடாதே. என் சட்டைப் பையில் இருக்கிறது. நீயும் என் பிள்ளைதானே.