படகை இறக்காமல் திரும்பியவன்

சங்க அறையைத் திறந்தால் இப்போதெல்லாம் முதலில் முகத்தில் அடிப்பது ஈரம் காயாத லைஃப் ஜாக்கெட்டுகளின் நாற்றம்தான். ஞாயிறுதோறும் அவற்றைக் கரையில் விரித்துக் காயவைக்க நீ இருந்தாய். அதனால் அது ஒரு வேலை என்றே எங்களில் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

'எங்களில்' என்று எழுதவே கூசுகிறது. கல்லூரிப் பிள்ளைகளைத் துடுப்புப் படகில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போகும் தன்னார்வலர் சங்கம் நாங்கள். அழைத்துப் போகிறவர் தேர்வில் தேறி 'தலைவர்' என்று அங்கீகாரம் பெற வேண்டும். அந்த அங்கீகாரத்தைத் தருகிற செயலாளருக்குக் கழுத்தில் விசில், தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. முழங்காலுக்கு மேல் அவர்மீது தண்ணீர் பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்குப் பக்கத்தில், படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடும் இரண்டாவது தேர்வாளனாக நான். நீயோ பதினைந்து வருடம் விசைப்படகில் மீன்பிடிக்கப் போனவன். உன்னைச் சோதிக்க நாங்கள்!

முதல் தேர்வன்று நீ படகை இறக்கவே இல்லை. முகத்துவாரத்து நீர் கடலை நோக்கி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. காற்றும் கரையிலிருந்து கடலுக்குத்தான் வீசியது.

"இன்னிக்கி வோணாம் மாமு. தண்ணி வெளிய இஸ்துகினு போவுது. பசங்கள வூட்டுக்கு அனுப்பிடலாம்" என்றாய்.

"இவ்வளவு தூரம் வந்துட்டாங்களேப்பா" என்றார் செயலாளர்.

"வந்தா? கடலு இன்னா மாமனார் வூடா, வந்தவங்களுக்கெல்லாம் எல போட்றதுக்கு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: பயணம் முடிக்கப்பட்டதா? இல்லை என்றால் தோல்வி. எங்கள் அறிவு அவ்வளவுதான். உனக்கு அடுத்துத் தேர்வுக்கு வந்தவர் அன்றைக்கே அதே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கினார். இரண்டு படகுகளை மீனவர்கள்தான் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார்கள். பயணம் முடிந்தது அல்லவா, ஆகவே அவர் தலைவர். கைதட்டல் வேறு. தேர்வு நாளுக்கும் உனக்கும் ராசியே இல்லை. அடுத்த இரண்டு முறையும் காற்று அப்படியேதான் இருந்தது, நீயும் திரும்பினாய். மூன்று முறையும் உன் பெயருக்கு எதிரே 'இல்லை' என்று எழுதியது என் கை. செயலாளர் முட்டாள், அவரை விட்டுவிடலாம். எனக்கு அந்தத் தண்ணீரைத் தெரியும். நான் கோழை.

மூன்றாவது தேர்வின் முடிவைச் சொல்ல உன் பின்னால் ஓடிவந்தேன்.

"பசங்கோ அல்லாம் வூட்டுக்குப் போயி சேந்தாங்களா?" என்றாய்.

சேர்ந்துவிட்டார்கள் என்றேன்.

"அப்ப இன்னா பேஜாரு? நீ இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?"

போன மாதம் மாரடைப்பில் நீ போய்விட்டாய். ராயபுரத்தில் உன் வீட்டுக்கு மாலையோடு வந்த செயலாளர், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை நீட்டினார். நீ அங்கீகாரம் பெற்ற மூத்த தலைவராம். செத்தவன் இனிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மாட்டான் என்ற தைரியம். உன் மனைவி கையை நீட்டவில்லை.

"அவரு பாஸாவலன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப இன்னாத்துக்கு சார் பொய் சொல்றீங்க?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

போன ஞாயிறு, கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு நர்ஸம்மாவுக்குத் தேர்வு. பிள்ளைகள் படகில் ஏறத் தயாராக நின்றபோது அவர் தண்ணீரைப் பார்த்தார். "இன்னிக்கி இல்ல. எல்லாரும் கெளம்புங்க" என்றார். செயலாளர் இளக்காரமாகச் சிரித்தபடி படிவத்தை என்னிடம் தள்ளினார். பயணம் முடிக்கப்பட்டதா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'தகுதி பெற்றார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் விதி, ஒழுங்கு என்று கத்திவிட்டுக் காரில் ஏறிப் போனார். வேறொன்றும் நடக்கவில்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமான ஒரு வேலையை, உயிரோடு இருந்த உனக்கு, மூன்று முறை செய்யாமல் விட்டிருக்கிறேன்.