குடிலுக்குப் போன மஞ்சள் டாக்சி

மரியே வாழ்க!

மில்லர்புரம்,
தூத்துக்குடி.

ஃபிராங்க்ளின் அவர்களுக்கு,

'அன்புள்ள அத்தான்' என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் கப்பல் கொழும்பு வரும்போது கிடைக்கும்படி, எங்கள் ஆபீஸிலிருந்து அங்குள்ள ஏஜென்டுக்குப் போகும் கப்பல் பேப்பர்களோடு இதை வைத்து அனுப்புகிறேன்.

ஆலந்தலையில் மாமி சுகம். முழங்கால் வலி தேவலையாம். ஜெஸ்லினுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் புருஷன் கிங்ஸ்டன் உங்களுக்கு மெசேஜ் போட்டிருப்பார். எனக்குப் போடவில்லை. கூடப்பிறந்த தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்ததை நான் மீன் வாங்கப் போன இடத்தில் அடுத்தவர் சொல்லிக் கேட்டேன்.

நேற்று எங்கள் பொம்மைக் கார் சேகரிக்கிறவர்களின் குரூப்பில் உங்கள் சீஃப் ஆபீசர் ஒரு போட்டோ போட்டிருந்தார். என் மஞ்சள் டாக்சி! மட்கார்டில் பெயின்ட் உரிந்த இடத்தில் நான் வைத்த மெரூன் நெயில் பாலிஷ் அப்படியே இருந்தது. கப்பலில் தன்னோடு வேலை பார்க்கும் ஃபிராங்க்ளின் டிசம்பரில் தூத்துக்குடியில் வைத்து அன்பாகக் கொடுத்தது என்று கீழே எழுதியிருந்தார். அந்த குரூப்பில் உங்கள் பெண்டாட்டியும் இருக்கிறாள் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. அது என் முதல் சம்பளத்தில் வாங்கியது. பகல் முழுக்க ஊரார் கன்டெய்னருக்குப் பேப்பர் போட்டுவிட்டு வந்து, அந்த டாக்சியை உள்ளங்கையில் வைத்து டிக்கியைத் திறந்து மூடினால், அந்தச் சத்தத்துக்கே என் தலைவலி போய்விடும். இந்த வயசில் பொம்மைக் காரா என்று உங்கள் சொந்தக்காரர்கள் சிரித்தபோது, "அது அவ இஷ்டம்லா, ஒங்களுக்கென்ன?" என்று சண்டைக்குப் போனவர் நீங்கள்தான். அந்த நம்பிக்கையில்தான் கார்கள் இருக்கும் அலமாரிச் சாவியை உங்களிடம் கொடுத்தேன்.

வருஷா வருஷம் என் கார்கள் ஜெஸ்லின் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போகும். மரத்தூள் ரோட்டில் பெத்லகேம் வரைக்கும் வரிசையாக நிற்கும். போன கிறிஸ்துமஸுக்கு நீங்களே பெட்டியில் அடுக்கி, நீங்களே தூக்கிக்கொண்டு போனீர்கள். என்ன கரிசனம் என்று பூரித்துப்போனேனே, பைத்தியக்காரி!

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கார்கள் திரும்பி வந்தபோது டாக்சி என் கையில் கனக்கவில்லை. பழையதற்கு அடிப்பக்கம் இரும்பு, இதற்கு பிளாஸ்டிக். சேகரிக்கிறவளுக்கா தெரியாது? அதைக்கூட மன்னிப்பேன். ஆனால் மட்கார்டில் அதே இடத்தில் என் பாட்டிலில் இருந்தே பாலிஷ் எடுத்துத் தொட்டு வைத்திருந்தீர்களே, அதை எப்படி மன்னிக்க? அந்தப் பாலிஷைப் பார்த்துதானே ஜெஸ்லின் காரைத் தொலைத்துவிட்டு எனக்கு வேஷம் கட்டுகிறாள் என்று நினைத்தேன். ஜெபக்கூட்டத்துக்கு வந்த எல்லோர் முன்னாலும் திருடி என்றேன். எட்டு மாத வயிற்றோடு, "மாதா மேல சத்தியமா நா மாத்தலக்கா" என்று அழுதாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டு, "ஏளா விடு, ஒரு பொம்மக் காருக்குப் போயி இம்புட்டுச் சண்டையா?" என்றீர்கள். தொண்டையில் அது எப்படி இறங்கியதோ!

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நான்தான் நிற்பேன் என்று அவள் உண்டான நாளிலேயே பேசி வைத்தது. இப்போது, "மதினி வேண்டாம், எங்க அக்கா நிக்கட்டும்" என்று கிங்ஸ்டன் சொல்லிவிட்டாராம். அவர் சொன்னதில் தப்பில்லை. பிள்ளையின் அம்மாவைத் திருடி என்றவள் அந்தப் பிள்ளையை எந்தக் கையால் ஏந்துவாள்?

எனக்கு டாக்சி வேண்டாம், அது அவரிடமே இருக்கட்டும். ஞாயிறு பூசைக்கு முன்னால் ஜெஸ்லினுக்குப் போன் போட்டு, நான்தான் மாற்றினேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன். சொல்லாவிட்டால் கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் அவள் காலில் விழுந்து, எடுத்தது யார் என்று நான் சொல்வேன். திட்டியதும் எல்லோர் முன்னாலும்தானே.

அப்படி நான் சொல்லும்படி ஆகிவிட்டால், கப்பலை விட்டு இறங்கியதும் நேராக ஆலந்தலைக்கு, உங்கள் அம்மா வீட்டுக்குப் போங்கள். நம் வீட்டைப் பூட்டிச் சாவியை மாமியிடம் கொடுத்துவிட்டு நான் போயிருப்பேன்.

காற்று மோசம் என்கிறார்கள், டெக்கில் கவனமாக இருங்கள். பனிமய மாதா உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

ஜெஸ்லினின் அக்கா,
ஜெனிலா