விழுந்த கொசுக்கள் மறுநாள் எழுந்த விவரம்

துவாரகா,
செப்டம்பர் 14

அன்புள்ள ஹம்சாவுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நார்வேயில் நீயும், மாப்பிள்ளை வெங்கியும், ஏழு மாதமாக உன்னோடு இருக்கும் மூன்றாவது ஆசாமியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்று பல தடவை எடுத்தேன், பாதியில் அம்மா வாங்கிக்கொண்டு உன் கால் வீக்கம், மாத்திரை என்று போய்விடுகிறாள், எனக்கும் பேச்சு கோவையாக வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். குழப்பிவிடுவேனோ என்ற பயத்தில் விஷயங்களை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நம் குடியிருப்பு சொசைட்டியில் மலேரியா வந்தது.
2. கொசுக்கள் செத்ததாகத் தீர்மானம் நிறைவேறியது.
3. அவை சாகவில்லை.
4. ஆகவே பிரசவத்துக்கு நீ இங்கே வர வேண்டாம். நாங்கள் அங்கே வருவதும் நடக்காது, அம்மா குளிர் தேசத்துக்கு வரமாட்டாள்.

நான்காவதைப் பார்த்து உடனே வருத்தப்படாதே, மற்றவற்றையும் படி. கீழ்த்தள அறையில் இருக்கும் டிரைவர் அன்புவுக்குப் போன மாதம் குளிர் ஜுரம், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, ரத்தத்தைப் பார்த்து மலேரியா என்றார்கள். அடுத்த வாரம் எதிர்வீட்டு ராஜிக்கும் அதுவே. இருவரும் மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார்கள். ஆனாலும் நான் டாக்டரிடம் போய், கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இது வந்தால் எப்படி என்று பொதுவாகத்தான் கேட்டேன், அவர் பெண்ணா மருமகளா என்று கேட்டுவிட்டார். தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து, தவிர்க்க முடிந்தால் தவிருங்கள் என்றார்.

நம் செக்ரட்டரி பட்டாபி புதிய புகைமருந்துக்காரர் ஒருவரைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் நிரூபித்துக் காட்டச் சொன்னார். பம்ப் ரூமில் பிடித்த கொசுக்களை அடைக்க வலைக்கூண்டு வேண்டும் என்று நம் வீட்டுச் சாப்பாடு மூடும் கூடையை என்னிடம் கேட்டார், எனக்கு மறுக்கத் தெரியவில்லை. அம்மா, கொசுவைச் சாதக் கூடையில வெச்சுட்டா சாதத்தை எதுல வெக்கறது, பம்ப் ரூம்லயா என்று கேட்டாள். புகை அடித்தார்கள், கொசுக்கள் அத்தனையும் பொத்துப் பொத்தென்று விழுந்தன, கைதட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். கொசுக்கள் இறந்தன, இனிப் புகையே போதும், மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மூடி போடும் வேலையை ஒத்திவைக்கலாம் என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. நான் ஆட்சேபிக்கக் கை தூக்கினேன், காதுவரைதான் தூக்கினேன் போலிருக்கிறது, ஆதரவுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கூடையை அத்தாட்சியாகப் பத்திரப்படுத்தும் பொறுப்பும் எனக்கே வந்தது. புள்ளிவிவரத் துறையில் இருந்தவனுக்குத் தற்காலிகக் கணக்கு வேறு, இறுதிக் கணக்கு வேறு அல்லவா, அதனால் எழுந்தால் குடிக்கட்டும் என்று சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு ஒன்றை உள்ளே வைத்து, கூடையை ஒரு ராத்திரி பால்கனியில் விட்டேன். மறுநாள் காலை அம்மா காபியோடு வந்து, ஏன்னா, உங்க பொணமெல்லாம் எழுந்து உக்காந்துண்டிருக்கு என்றாள். போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே வலையில் தொற்றிக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தன.

ஒருவேளை நான்தான் ஏதாவது தவறு செய்தேனோ என்று சந்தேகப்பட்டு, இன்னொரு தடவை புகை காட்டச் சொல்லிப் புகைமருந்துக்காரரிடம் கெஞ்சினேன். விழுந்தன, எழுந்தன. புத்தகங்களைப் புரட்டியதில் நான் புரிந்துகொண்டது இது, தப்பாகவும் இருக்கலாம். வருஷக்கணக்காக ஒரே வகை மருந்தை அடித்தால் அதைத் தாங்கத் தெரியாதவை செத்துப்போகும், தாங்கியவை மட்டும் குடும்பம் நடத்தும், அவற்றின் பிள்ளைகளுக்கும் அந்தத் தெம்பு பிறவியிலேயே வரும். நாமே பரீட்சை வைத்து, தேறியவற்றுக்கு நாமே கல்யாணம் செய்து வைத்த மாதிரி. புகையை மட்டும் நம்பினால் மலேரியா நிற்காது, தேங்கிய தண்ணீரைத்தான் முதலில் மூட வேண்டும்.

கூடையோடு கமிட்டிக்குப் போனேன். பட்டாபி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, ஓய் சங்கரநாராயணன், இதெல்லாம் நேத்திக்குச் செத்த அதே கொசுதான்னு எப்படிச் சொல்றேள், அட்டெண்டன்ஸ் எடுத்தேளா என்றார். நான் எடுக்கவில்லை. செத்ததாகப் பொதுக்குழுவே ஏற்றுக்கொண்டதை உயிரோடு இருப்பதாக மாற்றப் பதினைந்து நாள் நோட்டீஸ் வேண்டும், கோரத்துக்கு ஆள் சேர வேண்டும் என்றார். புகைமருந்துக்காரர் பாதி ஹிந்தியில், அங்க்கிள்ஜி, மச்சர், அதான் இந்தக் கொசு, மயங்கினதும் நம்ம வேலை முடிஞ்சது, எழுந்துக்கறது அதோட இஷ்டம் என்றார். கடைசியில் கொசுக்கள் இறந்தன, தற்போது உயிருடன் உள்ளன என்று எழுதிக்கொண்டு, இரண்டு மடங்கு புகை அடிப்பது என்று முடிவு செய்தார்கள். எனக்கு வாதம் செய்ய வரவில்லை. மாடிக்குப் போய், மூடியில்லாத தொட்டி இரண்டுக்கும் அம்மாவின் பழைய நைலான் புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். அனுமதி வாங்கவில்லை, கமிட்டியிடமும் சரி, அம்மாவிடமும் சரி.

இரண்டு தொட்டியை மூடியதை வைத்து உன்னை இங்கே வரவழைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லை என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும், நான் பதில் சொல்லாமல் நின்றுவிடுகிறேன், அது எனக்கு நன்றாக வரும். டிக்கெட்டை உடனே ரத்து செய்துவிடு. இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு சாப்பிடாதே. பனியில் வழுக்காத செருப்பாகப் பார்த்துப் போடு. உனக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வராமல் பகவான் காப்பாற்ற வேண்டும். வெங்கிக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
சங்கரநாராயணன்

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகு அம்மா இதை வாங்கி நின்றபடியே படித்தாள். புடவை விஷயம் வந்ததும் மாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே படித்தாள். அன்புவுக்கு ஜுரம் என்று தெரிந்த வாரமே ராஜியோடு போய் தன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டாளாம், புதியது பீரோவில் இருக்கிறது, விசாவுக்கு வெங்கி காகிதங்கள் அனுப்பியாகிவிட்டது, உன் டிக்கெட்டும் எப்போதோ ரத்தாகிவிட்டது, உனக்கும் வெங்கிக்கும் அம்மாவுக்கும் எல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அப்படியானால் குளிருக்கு வரமாட்டேன் என்றாயே என்று கேட்டேன். நான் எப்போ சொன்னேன், எனக்குக் குளிரும் குளிரும்னு நீங்கதான் சொல்லிண்டிருக்கேள், நான் கேட்டுண்டிருக்கேன் என்றாள். இவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதாக ஞாபகம் வரவில்லை. குளிருக்குப் பயப்படுவது நான்தான். நான்காவது விஷயத்தின் பிற்பாதி தவறு.