சாமி வந்த வெயில்

மார்ச் 7, வியாழன்

இன்றைக்கும் பள்ளிக்கூடம் லீவு. வெயிலாம். என் காலத்தில் இப்படி அடித்திருந்தால், மூணாம் வகுப்போடு நின்றதற்கு வெயில் மேல் பழி போட்டிருப்பேன். பக்கத்துக் கோழிப் பண்ணையில் செத்த கோழியை லோரி லோரியாக ஏற்றுகிறார்கள். காற்றாடி ஓடியும் சாகுது. எங்க வீட்டுக்காரர் காளிதாஸ் மட்டும் ஒரு வேளைச் சாப்பாட்டோடு எண்ணெய்க்கான செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறார். பங்குனி உத்திரக் காவடிக்கு விரதம். மகள் லோஷினிக்குக் குழந்தை தங்க வேண்டும் என்று வேண்டுதல்.

"இளைச்சு மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க. பொண்ணு பாக்கப் போலாமா?" என்றேன்.

"உன்னைப் பாத்ததே போதும்லா" என்றார்.

மார்ச் 15

குழாயில் காற்றுதான் வருது. தண்ணி லோரி வந்ததும் வாளியோடு அடித்துக்கொண்டோம். நான் ஜெயித்தேன்.

மார்ச் 19

லோஷினி சிங்கப்பூரிலிருந்து போன். "இந்த வருசம் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லும்மா. இல்லாட்டி விடியறதுக்குள்ள தூக்கச் சொல்லு."

அவர் கேட்கிற ஆளா? கோயில் தலைவர் செல்லப்பன் அண்ணனிடம் போனேன். "விடியக்காலை எப்படிம்மா? நம்ம தொகுதி சட்டமன்ற உறுப்பினர், ஒய்.பி., வந்து தொடக்கி வைக்கணும்ல."

"முருகனும் அவருக்காகக் காத்திருக்கணுமா அண்ணே?"

சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

அவர் ஐ.சி.யூ.வில்.

மார்ச் 27

எழுதிடறேன். ஒய்.பி. வந்து, மாலை போட்டு, பேசி முடிக்கறதுக்குள்ள வெயில் உச்சிக்கு வந்துடுச்சு. என் செருப்புல தார் ஒட்டுது. இவரு வெறுங்கால். பாதி வழியில ஆட ஆரம்பிச்சாரு. கண்ணு சொருகுது, என்னமோ உளர்றாரு. உறுமிக்காரங்க வேகத்தக் கூட்டுனாங்க. பொம்பளைங்க குறி கேட்டாங்க. வருசா வருசம் காவடி தூக்குற மனுசன், ஒரு தடவைகூட அருள் வந்தது கெடையாது. நானும் — நானும்தான் சொன்னேன், "ஐயோ, சாமியே வந்துட்டாரு, இனிமே நான் யாருகிட்ட சண்ட போடறது"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க.

நெத்தித் திருநீறு கரையாம அப்படியே இருந்துச்சு. அந்த வெயில்ல ஒரு சொட்டு வேர்வை இல்ல. யாரு பாத்தா? விழுந்த பெறகும் திருநீறு அள்ளிப் பூசினாங்க. அப்பத்தான் தொட்டேன். அடுப்புல கெடந்த தோசைக்கல்லு.

டாக்டர் பொண்ணு கேட்டுச்சு, "ஏன் ஆண்ட்டி, உடனே தண்ணி ஊத்தல?"

"கால்ல மஞ்சத் தண்ணி ஊத்தினோம்மா"ன்னேன்.

அது தலையக் குனிஞ்சுக்கிச்சு.

மார்ச் 29

போயிட்டாரு.

ஏப்ரல் 11

"எனக்காகத்தானேம்மா" என்று லோஷினி அழுதபடியே இருக்கிறாள். என்ன சொல்ல? செல்லப்பன் அண்ணன் வந்தார். "கொடுத்து வச்ச சாவும்மா. சாமியோட போனாரு." டீ போட்டுக் கொடுத்தேன். சீனி போடவில்லை. குடித்துவிட்டார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி. துக்க வீடு, கோயிலுக்குப் போகக் கூடாது. வாசலில் நின்றேன். இந்தத் தடவையும் லேட். உச்சி வெயிலில்தான் ஊர்வலம் எங்கள் ரோட்டுக்கு வந்தது. பின்வரிசை வீட்டுக் கஸ்தூரியின் மகன் ரூபேந்திரன் பால் காவடியோடு வந்தான். நல்ல திடமான ஆள். என் வீட்டுக்கு நேரே வந்ததும் ஆட ஆரம்பித்தான். உறுமி வேகம் கூடியது.

வாசலில் இருந்த தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காலில் இல்லை, தலையில் ஊற்றினேன். மொத்தமும்.

உறுமி நின்றுவிட்டது. "தீட்டோட என்னம்மா பண்ற!" என்று செல்லப்பன் அண்ணன் கத்தினார். கஸ்தூரி என் கையைப் பிடித்து இழுத்தாள். "எம்புள்ளைக்கு வந்த அருளக் கலைச்சிட்டியேக்கா!"

நெசமாகவே சாமிதான் வந்ததோ என்னவோ. வந்திருந்தால் அதுக்கும் கொஞ்சம் குளிரட்டும்.

கையை உதறிவிட்டு, வாளியை ரொப்ப உள்ளே போனேன். பின்னாலே காவடி இன்னும் வந்துகொண்டே இருந்தது.